பவர் ஃபேக்டர் குறைந்தால் எங்கே தேடுவது: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

இழுக்கும் மொத்த மின்திறனில் (கேவிஏ) உண்மையில் வேலைசெய்யும் பங்கு (கிலோவாட்) எவ்வளவு என்பதே பவர் ஃபேக்டர். அது குறைந்ததற்காக மின்கட்டணப் பில்லில் கூடுதல் தொகை ஏறியதும் பல ஆலைகளில் முதலில் நடப்பது புதிய கெபாசிட்டர் வாங்குவதுதான். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஏற்கெனவே பேனலில் இருக்கும் கெபாசிட்டர்களில் சில செத்துக் கிடக்கும். அல்லது கெபாசிட்டர்களை ஏற்றி இறக்கும் ரிலேக்கு மின்னோட்ட அளவைத் தரும் சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தப்பான இடத்தில் மாட்டியிருக்கும். இவற்றைப் பார்க்காமல் வாங்கிச் சேர்க்கும் கெபாசிட்டர் பணத்தை வீணாக்குவதோடு நிற்காமல், சில நேரம் இருக்கும் நல்ல கெபாசிட்டர்களையும் கெடுத்துவிடும்.

சொந்த டிரான்ஸ்ஃபார்மர் அல்லது பெரிய தாழ்வழுத்த இணைப்பும், கெபாசிட்டர்களைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் தானியங்கி பேனலும் உள்ள ஆலைகளுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் மாதச் சராசரி பவர் ஃபேக்டர் உயர் அழுத்த இணைப்புக்கு 0.90, தொழிற்சாலைத் தாழ்வழுத்த இணைப்புக்கு 0.85 என்ற எல்லைக்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் உண்டு. மற்ற மாநிலங்களில் எல்லை மாறும், கோளாறுகள் மாறுவதில்லை.

## கையில் இருக்க வேண்டியவை, தொடும் முன் செய்ய வேண்டியவை

ட்ரூ ஆர்எம்எஸ் வகை கிளாம்ப் மீட்டர் கட்டாயம். விலை குறைந்த சாதாரண கிளாம்ப் மீட்டர், டிரைவ்கள் (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவிகள்) ஓடும் ஆலையில் தப்பான ஆம்பியரைக் காட்டும். கெபாசிட்டன்ஸ் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றும், எழுதிவைக்க ஒரு நோட்டும் வேண்டும்.

கெபாசிட்டரின் மின்முனைகளைத் தொடும் வேலை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். உள்ளே இருக்கும் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் கெட்டுப்போயிருந்தால் நெடுநேரம் தங்கும். அணைத்து, ஃபியூஸைக் கழற்றி, குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருந்து, மூன்று முனைகளுக்கு இடையிலும் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, முனைகளை ஒன்றோடொன்று ஷார்ட் செய்த பிறகே கை வைக்க வேண்டும். இதில் அவசரம் காட்டுகிறவரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள்.

மின்வாரிய மீட்டர் பெட்டியின் சீலைத் தொடக் கூடாது. வெளியிலிருந்து பொத்தானை அழுத்திப் படிக்கும் அளவுகளே நமக்குப் போதும்.

## அறிகுறி: ரிலே 0.98 காட்டுகிறது, பில் 0.86 என்கிறது

ரிலே காட்டுவது அந்த நொடியின் நிலை. பில்லில் வருவது மாதம் முழுவதற்குமான கிலோவாட்-மணியை கேவிஏ-மணியால் வகுத்த சராசரி. ஆகவே நீங்கள் பேனல் முன் நிற்காத நேரத்தில் என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

மாலை ஆலை நிற்கும்போது வாரிய மீட்டரில் கிலோவாட்-மணி, கேவிஏ-மணி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் ஆலை ஓடத் தொடங்கும் முன் மறுபடியும் குறியுங்கள். முதல் வித்தியாசத்தை இரண்டாவதால் வகுத்தால் இரவு பவர் ஃபேக்டர் கிடைக்கும். பகலுக்கும் இதேபோல் செய்யுங்கள். செலவில்லாத இந்த ஒரு சோதனை தேட வேண்டிய திசையைச் சொல்லிவிடும்.

### இரவில் மட்டும் குறைவு

உயர் அழுத்த இணைப்பில் வாரியம் அளப்பது டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால். உங்கள் ரிலே பார்ப்பது அதற்குப் பின்னால். டிரான்ஸ்ஃபார்மர் தன் இரும்பு மையத்தைக் காந்தமாக்க இழுக்கும் ரியாக்டிவ் பவர் (வேலை செய்யாமல் வந்துபோகும் மின்திறன், அளவு கேவிஏஆர்) ரிலேயின் கண்ணில் படுவதே இல்லை. அது பொதுவாக டிரான்ஸ்ஃபார்மரின் கேவிஏ மதிப்பில் 1 முதல் 2 சதவீதம் இருக்கும். 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் என்றால் ஏறக்குறைய 5 கேவிஏஆர் வரை. காவலாளி விளக்குகள் மட்டும் எரியும் இரவில் அதுவே பவர் ஃபேக்டரை 0.3 பக்கம் தள்ளிவிடும். மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் இது சராசரியில் கரைந்துவிடும். ஒரே ஷிப்ட் ஓடும் ஆலையிலும், ஆர்டர் குறைந்த மாதத்திலும் கரையாது.

தீர்வு மலிவானது: அந்த அளவுக்கு ஒரு சிறிய கெபாசிட்டரை, தனி ஃபியூஸ் போட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் தாழ்வழுத்தப் பக்கத்தில் நிரந்தரமாக இணைப்பது. பெரிதாகப் போட்டால் இரவில் லீட் பக்கம் (தேவைக்கு மேல் கெபாசிட்டர் ஏறிய நிலை) போய்விடும். எனவே டிரான்ஸ்ஃபார்மரின் சோதனைச் சான்றிதழில் உள்ள, சுமையில்லாதபோது இழுக்கும் மின்னோட்டத்தைப் பார்த்து அளவைத் தீர்மானியுங்கள்.

### பகலிலேயே குறைவு, ரிலே மட்டும் நன்றாகக் காட்டுகிறது

ரிலேயின் சிடி மெயின் கேபிளில் இல்லாமல் ஏதோ ஒரு பிரிவில் இருக்கக்கூடும். பிறகு சேர்த்த புதிய ஷெட்டின் கேபிள் சிடியைத் தொடாமல் நேராக பஸ்பாரில் ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விரிவாக்கம் செய்த ஆலைகளில் இது மிகச் சாதாரணம்.

## அறிகுறி: எல்லாப் படிகளும் ஏறியிருக்கின்றன, ஆனாலும் 0.80ஐத் தாண்டவில்லை

ரிலேயில் விளக்கு எரிவது கெபாசிட்டர் வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. ஒவ்வொரு படியிலும் மூன்று பேஸ்களுக்கும் கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

இருக்க வேண்டிய ஆம்பியர் என்ன? 440 வோல்ட்டுக்குச் செய்த கெபாசிட்டரில் 1 கேவிஏஆருக்கு 1.3 ஆம்பியர். 25 கேவிஏஆர் என்றால் 440 வோல்ட்டில் 32.8 ஆம்பியர், 415 வோல்ட்டில் 31 ஆம்பியர். உங்கள் அளவு இதிலிருந்து விலகும் விதமே கோளாறைச் சொல்லும்.

ஒரு பேஸில் பூஜ்யம், மற்ற இரண்டிலும் 87 சதவீத அளவு: ஒரு ஃபியூஸ் போயிருக்கிறது, அல்லது படியை இணைக்கும் சுவிட்சான கான்டாக்டரின் ஒரு முனை தொடவில்லை. ஃபியூஸை மாற்றும் முன் அது ஏன் போனது என்று கேளுங்கள். லக் (கேபிள் நுனி இணைப்பு) தளர்ந்து கருகியிருந்தால் அதுவே காரணம்.

ஒரு பேஸில் சரியான அளவு, மற்ற இரண்டிலும் 58 சதவீதம்: கெபாசிட்டருக்குள் முக்கோணமாக (டெல்டா) இணைந்த மூன்று கிளைகளில் ஒன்று அறுந்திருக்கிறது. அந்த கெபாசிட்டரை மாற்ற வேண்டியதுதான்.

மூன்று பேஸிலும் ஒரே அளவாகக் குறைவு: கெபாசிட்டர் தேய்ந்திருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு பூசிய படலம் ஒவ்வொரு சிறு பழுதிலும் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பரப்பை இழக்கும். உறுதி செய்ய, டிஸ்சார்ஜ் செய்து ஒயரைக் கழற்றி இரண்டு முனைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 440 வோல்ட், 10 கேவிஏஆர் டெல்டா கெபாசிட்டரில் 82 மைக்ரோஃபாரட், 25 கேவிஏஆரில் 205 மைக்ரோஃபாரட் வர வேண்டும். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தவற்றை மாற்றும் பட்டியலில் எழுதுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள்: பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் வோல்டேஜ். கெபாசிட்டர் தரும் கேவிஏஆர் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 525 வோல்ட்டுக்குச் செய்த 25 கேவிஏஆர் கெபாசிட்டரை 415 வோல்ட்டில் போட்டால் 15.6 கேவிஏஆர்தான் கிடைக்கும். "அதிக வோல்ட் தாங்கும், நெடுநாள் உழைக்கும்" என்று கடையில் சொல்லி விற்பது உண்மைதான். ஆனால் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும்.

எல்லாக் கெபாசிட்டரும் நலம், ஆம்பியரும் சரி என்றால்தான் சுமை கூடியிருக்கிறது என்று முடிவுக்கு வர வேண்டும். 100 கிலோவாட் சுமையை 0.80லிருந்து 0.95க்குக் கொண்டுவர 42 கேவிஏஆர் தேவை, 0.98க்கு 55. கடைசி மூன்று புள்ளிகளுக்காக 13 கேவிஏஆர் கூடுதலாகப் போகிறது. ஆனால் உயர் அழுத்த இணைப்பில் டிமாண்ட் கட்டணம் கேவிஏ கணக்கில் வருவதால் பெரும்பாலும் அது வீண்போகாது. வாங்கும் முன், வெறுமனே ஓடும் மோட்டார்களை நிறுத்திப் பாருங்கள். தேவைக்கு மேல் பெரிய மோட்டார் சுமையில்லாமல் சுற்றும்போது 0.2 பக்கம்தான் இருக்கும். அதை நிறுத்துவதற்கு எந்தச் செலவும் இல்லை.

## அறிகுறி: ரிலே படிகளை ஏற்றுவதே இல்லை, அல்லது ஏற்ற ஏற்ற மோசமாகக் காட்டுகிறது

கெபாசிட்டரை விட்டுவிடுங்கள், இது சிடியின் பிரச்சினை.

ரிலேயைக் கைமுறைக்கு மாற்றுங்கள். சுமை நிலையாக ஓடும் நேரத்தில் மெயின் கேபிளில் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஒரு படியை ஏற்றுங்கள். மெயின் ஆம்பியர் இறங்குகிறதா? இறங்கினால் கெபாசிட்டர் தன் வேலையைச் செய்கிறது. அதே நேரத்தில் ரிலேயின் அளவு மோசமானால் ரிலேதான் பொய் சொல்கிறது.

காரணங்கள் பெரும்பாலும் இவைதான். சிடியின் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருக்கும். ஆர் பேஸில் இருக்க வேண்டிய சிடி ஒய் பேஸில் மாட்டியிருக்கும்; மின்தடைக்குப் பின் கேபிளைப் பிரித்து மாட்டியவர்கள் பேஸ் வரிசையை மாற்றியிருந்தாலும் இதே விளைவு. எந்தப் பேஸில் சிடி, எந்த இரண்டு பேஸில் வோல்டேஜ் என்று ரிலேயின் உள்மூடியில் படம் இருக்கும். அதன்படி மட்டும் இணையுங்கள்.

மூன்றாவது காரணம் சிடி இருக்கும் இடம். சுமை, கெபாசிட்டர் இரண்டின் மின்னோட்டமும் சிடி வழியாகப் போக வேண்டும். கெபாசிட்டர் பிரியும் இடத்துக்குப் பின்னால் சுமைப் பக்கத்தில் சிடி இருந்தால், ரிலே எத்தனை படி ஏற்றினாலும் அதன் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது. அது எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு நிற்கும். மாறாக கெபாசிட்டர் கேபிளில் மட்டும் சிடி இருந்தால் சுமையை அது பார்க்கவே பார்க்காது.

சிடியின் ஒயரைச் சுமை ஓடும்போது கழற்றக் கூடாது. முதலில் ஷார்ட் லிங்க் போடாமல் திறந்தால் அங்கே ஆபத்தான அளவுக்கு வோல்டேஜ் எழும். ஷார்ட் லிங்க் இல்லாத பழைய பேனல் என்றால் மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

ஒரே படி நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால், ரிலேயில் பதிந்த சிடி விகிதமோ முதல் படியின் அளவோ தவறு. சிடியை மாற்றியவர் ரிலேயில் அதைத் திருத்த மறந்திருப்பார்.

## அறிகுறி: கூரையில் சோலார் போட்ட பிறகு குறைந்துவிட்டது

எந்த இயந்திரமும் மாறவில்லை, எந்தக் கெபாசிட்டரும் கெடவில்லை, ஆனாலும் குறைந்துவிட்டது. கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஆலையின் சுமை 100 கிலோவாட், 0.95 பவர் ஃபேக்டர். அதாவது 33 கேவிஏஆர் வாரியத்திடமிருந்து வருகிறது. சோலார் இன்வெர்ட்டர் 80 கிலோவாட் தருகிறது. ரியாக்டிவ் பவர் எதுவும் தருவதில்லை. இப்போது வாரியத்திடமிருந்து வருவது 20 கிலோவாட், அதே 33 கேவிஏஆர். மீட்டரில் 0.52.

முதல் வேலை, ரிலேயின் இலக்கை 0.99க்கு உயர்த்துவது. மிச்சமிருக்கும் கேவிஏஆர் குறையக் குறைய மீட்டரில் நல்ல எண் வரும். அதற்குப் பெரிய படிகள் மட்டும் இருந்தால் போதாது. 2, 3, 5 கேவிஏஆர் என்று சிறிய படிகள் வேண்டும். அடுத்து, சிடி சோலார் சேரும் இடத்துக்கு முன்னால் வாரியப் பக்கம் இருந்தால், மின்சாரம் வெளியே போகும் நேரத்தில் பழைய ரிலே குழம்பும். இரு திசையையும் அறியும் நான்கு-கால்பகுதி ரிலே தேவை.

இன்வெர்ட்டரையே ரியாக்டிவ் பவர் தரச் செய்யவும் முடியும். அந்த அமைப்பை மாற்றுவது சோலார் நிறுவியவரின் வேலை. வாரிய இணைப்பு நிபந்தனைகளைப் பார்த்துத்தான் அவர் செய்ய வேண்டும். அவரை அழையுங்கள்.

## அறிகுறி: கெபாசிட்டர் உப்புகிறது, அடிக்கடி ஃபியூஸ் போகிறது, வெடிக்கிறது

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு நேரம் கொடுங்கள். செத்த கெபாசிட்டரை மாற்றிவிட்டுப் போகும் வேலையாக இதைப் பார்த்தால் ஆறு மாதத்தில் மறுபடியும் அதே இடத்தில் நிற்பீர்கள்.

### வெப்பம்

பேனல் விசிறி ஓடுகிறதா, வடிகட்டியில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நூற்பாலையிலும் பின்னலாடை ஆலையிலும் இதுவே பாதிக் கதை. அடுத்தடுத்து ஒட்டி வைத்த கெபாசிட்டர்களுக்கு இடையே காற்று போக இடைவெளி வேண்டும்.

### வோல்டேஜ்

இரவு, ஞாயிறு, விடுமுறை நாள்களில் அளந்து பாருங்கள். நம் டிரான்ஸ்ஃபார்மர்கள் 11,000/433 வோல்ட். டேப் (வெளியீட்டு வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உயர்வாக வைத்திருந்தால் சுமையில்லாத நேரத்தில் 450ஐத் தாண்டும். கெபாசிட்டருக்கான தரநிலை 10 சதவீதக் கூடுதல் வோல்டேஜை நாளில் எட்டு மணி நேரத்துக்கு மட்டுமே அனுமதிக்கிறது. டேப்பை மாற்றுவது டிரான்ஸ்ஃபார்மரை முழுவதும் அணைத்துச் செய்யும் வேலை. உயர் அழுத்தத்தில் பழகியவரை மட்டும் அழையுங்கள்.

### ஹார்மோனிக்

வெப்பமும் வோல்டேஜும் சரியாக இருந்தால் கெபாசிட்டரின் ஆம்பியரைப் பாருங்கள். 415 வோல்ட்டில் 31 ஆம்பியர் இருக்க வேண்டிய 25 கேவிஏஆர் கெபாசிட்டர் 40 ஆம்பியர் எடுத்தால், 50 ஹெர்ட்ஸ் அல்லாத மின்னோட்டம் உள்ளே போகிறது. டிரைவ்கள், இண்டக்‌ஷன் ஃபர்னஸ், யுபிஎஸ் ஆகியவை 250 ஹெர்ட்ஸ் (50இன் 5 மடங்கு, 5ஆவது ஹார்மோனிக்), 350 ஹெர்ட்ஸ் (7ஆவது) அலைகளைத் திரும்பத் தள்ளுகின்றன. கெபாசிட்டருக்கு அவை எளிய வழி. உங்களிடம் டிரைவ் எதுவும் இல்லாவிட்டாலும், அதே 11 கேவி வரியில் இருக்கும் பக்கத்து ஆலையிலிருந்து வரலாம்.

இதைவிட மோசமானது ஒத்ததிர்வு. டிரான்ஸ்ஃபார்மரின் இண்டக்டன்ஸும் உங்கள் கெபாசிட்டர்களும் சேர்ந்து ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ஒத்துப்போகும். 4.5 சதவீத இம்பீடன்ஸ் உள்ள 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் ஷார்ட் சர்க்யூட் திறன் ஏறக்குறைய 5,550 கேவிஏ. அதை ஏறியிருக்கும் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் எத்தனையாவது ஹார்மோனிக் என்று கிடைக்கும். 110 கேவிஏஆர் ஏறியிருந்தால் 7.1, அதாவது 7ஆவதன் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டது. இங்கே கூடுதல் கெபாசிட்டரோ குறைந்த கெபாசிட்டரோ தப்பிக்கலாம். சரியாக அந்த அளவு ஏறும் நேரத்தில்தான் அடி.

சோதனை இது: டிரைவ்கள் ஓடும்போது கைமுறையில் ஒவ்வொரு படியாக ஏற்றி, முதல் படியின் ஆம்பியரை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். வழக்கத்தில் அது மாறக் கூடாது. ஒரு குறிப்பிட்ட படி ஏறும்போது மட்டும் எல்லாக் கெபாசிட்டரிலும் ஆம்பியர் எகிறி, அடுத்த படியில் இறங்கினால், ஒத்ததிர்வைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். உடனே அந்த நிலையிலிருந்து இறக்குங்கள்.

இரவில் மட்டும் வெடிப்பதற்கும் இதில் விடை இருக்கிறது. ஒத்ததிர்வின் கூர்மையைச் சொல்வது தரக்காரணி. அது 5 என்றால், டிரைவ் தள்ளும் 7ஆவது ஹார்மோனிக் மின்னோட்டம் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கெபாசிட்டருக்கும் இடையே ஐந்து மடங்காகச் சுற்றும். ஹீட்டர்களும் சுமையோடு ஓடும் மோட்டார்களும் இந்த ஆட்டத்தை அடக்குகின்றன. இரவில் அவை நின்று, ஒன்றிரண்டு டிரைவ் மட்டும் ஓடும்போது அடக்குவதற்கு ஆளில்லை, தரக்காரணி ஏறிவிடுகிறது. பகலில் அளந்துவிட்டு "எல்லாம் சரி" என்று சான்று கொடுப்பவரை இதனால்தான் நான் நம்புவதில்லை.

### ரியாக்டர் போட்ட பிறகும் கெடுகிறது

ரியாக்டர் என்பது கெபாசிட்டரோடு தொடராக இணைக்கும் கம்பிச்சுருள். 7 சதவீத ரியாக்டர் சேர்த்தால் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி 250க்குக் கீழே பாதுகாப்பாக நிற்கும். ஆனால் ரியாக்டர் கெபாசிட்டரின் வோல்டேஜை உயர்த்தும்: 415 வோல்ட் அங்கே 446 ஆகிவிடும். பழைய 440 வோல்ட் கெபாசிட்டரை ரியாக்டரோடு ஓட்டுவது கூடாது. 480 அல்லது 525 வோல்ட் வகை வேண்டும். சில படிகளுக்கு ரியாக்டர், சில படிகளுக்கு இல்லை என்று ஒரே பஸ்பாரில் கலக்கவும் கூடாது. கெபாசிட்டர் தேயத் தேய அந்த 189 மேலே நகர்ந்து 250ஐ நெருங்கும். ரியாக்டர் வழக்கத்துக்கு மேல் கொதித்தால் அதைச் சந்தேகிக்கும் முன் கெபாசிட்டரை அளந்து பாருங்கள்.

புதிதாக ரியாக்டர் பேனல் போடும் முடிவை நீங்களோ கடைக்காரரோ எடுக்க வேண்டாம். பவர் அனலைசர் வைத்து, ஒரு வார நாளும் ஒரு ஞாயிறும் சேர்த்துப் பதிவு செய்யும் பொறியாளரை அழையுங்கள். பதிவு கேட்காமல் விலை சொல்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

## அறிகுறி: கான்டாக்டர் ஒட்டிக்கொள்கிறது

சாதாரண மோட்டார் கான்டாக்டர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மற்ற படிகள் ஏறியிருக்கும்போது புதிய படி சேரும் கணத்தில் வழக்க அளவைப்போல நூறு மடங்குக்கு மேலும் மின்னோட்டம் பாயும். கெபாசிட்டருக்கென்று செய்த கான்டாக்டரில் முன்கூட்டியே தொடும் முனைகளும் சுருள் ரெசிஸ்டர் ஒயர்களும் இருக்கும். அந்த ஒயர்கள் கருகியோ அறுந்தோ இருந்தால் முன்முனை வேலை செய்யவில்லை. அந்தக் கான்டாக்டரை மாற்றுங்கள்.

கான்டாக்டர் சரியென்றால், இறங்கிய படி மறுபடி ஏறும் முன் கெபாசிட்டர் முழுமையாக டிஸ்சார்ஜ் ஆக ரிலேயில் போதிய தாமதம் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது ஒரு நிமிடம்.

## அறிகுறி: இரவில் லீட் காட்டுகிறது

ரிலே இறக்கிய பிறகும் ஏதோ ஒரு கெபாசிட்டர் லைனில் இருக்கிறது: ஒட்டிக்கொண்ட கான்டாக்டர், யாரோ கைமுறையில் விட்டுச்சென்ற படி, அல்லது எங்கோ ஒரு ஷெட்டில் மறந்துபோன பழைய கெபாசிட்டர். இரவில் ஒவ்வொரு பிரிவின் கேபிளிலும் கிளாம்ப் மீட்டரைப் போட்டபடி நடந்தால் கிடைத்துவிடும்.

## அறிகுறி: மோட்டாரோடு சேர்த்த கெபாசிட்டரால் தொல்லை

டிரைவின் வெளியீட்டுப் பக்கத்திலோ சாஃப்ட் ஸ்டார்ட்டருக்குப் பின்னாலோ கெபாசிட்டர் இருந்தால் இன்றே கழற்றுங்கள், டிரைவ் எரிந்துபோகும். ஸ்டார்-டெல்டா மோட்டாரின் முனைகளிலும் வேண்டாம்.

நேரடி ஸ்டார்ட்டர் மோட்டாரை அணைத்த பிறகும் முனைகளில் வோல்டேஜ் நின்றால் கெபாசிட்டர் பெரிது. மோட்டார் வெறுமனே ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தில் 90 சதவீதத்தை கெபாசிட்டரின் ஆம்பியர் தாண்டக் கூடாது. ஓவர்லோட் ரிலேக்குப் பின்னால் கெபாசிட்டர் இருந்தால், ரிலே வழியாகப் போகும் ஆம்பியர் குறைந்திருக்கும். பழைய செட்டிங்கிலேயே விட்டால் மோட்டார் எரியும்வரை அது டிரிப் ஆகாது. சுமையோடு ஓடும்போது ரிலே வழியாகப் போகும் ஆம்பியரை அளந்து, செட்டிங்கை அதற்கேற்ப இறக்கி வையுங்கள்.